நுளம்பு மெஷின்

மாத்தளையில் என்னோடு வளர்ந்து, இப்போது படியேறும்போது கைப்பிடியைத் தேடும் வயதுக்கு வந்துவிட்டவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் கடையில் நடந்த நுளம்பு மெஷின் போட்டியில் நான் வென்றபோது நீங்கள் கை தட்டினீர்கள். கடலை சுற்றிய தாளைக் கிழித்து என் தலையில் தூவியவர்களும் உங்களில் உண்டு. அதையெல்லாம் நீங்கள் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். நான் வெல்லவில்லை. எனக்கே இது போன மாதம்தான் தெரிய வந்தது.

மறந்து போனவர்களுக்கு அந்த மெஷினை ஞாபகப்படுத்துகிறேன். சிங்கப்பூர்ச் சாமான்கள் கொழும்பில் வந்து இறங்கி, அங்கிருந்து லொறி லொறியாக மலைநாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த காலம். மாமா தன் பங்குக்கு ஒரு வீடியோ கேம் மெஷினைக் கொண்டு வந்தார். அலுமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி, அதன் வயிற்றில் ஒரு திரை, கீழே ஒரு தடி, ஒரு சிவப்புப் பொத்தான். நெற்றியில் விளையாட்டின் பெயர் எழுதிய கண்ணாடி ஒன்று இருந்ததாம். கடுகண்ணாவ ஏற்றத்தில் லொறி குலுங்கியபோது அது உடைந்து போனது. திரையில் வந்த எழுத்தோ யப்பான் எழுத்து. அதனால் அந்த விளையாட்டின் உண்மையான பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மாமா பெயர்ப்பலகை எழுதுகிறவரைக் கூப்பிட்டு, திரையைக் காட்டி, நெற்றிக்கு ஒரு படம் வரையச் சொன்னார். அவர் கண்ணுக்கு அங்கே பறந்தவை இரத்தம் குடிக்கிற நுளம்புகளாகத் தெரிந்தன. ஆட்டுக்குட்டி அளவில் சில நுளம்புகளையும், அவற்றைச் சுடும் ஒரு விமானத்தையும், விமானத்துக்குள் மீசை வைத்த ஒருவரையும் வரைந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது நுளம்பு மெஷின்.

விளையாட்டு இதுதான். கீழே நம்முடைய விமானம். மேலே நுளம்புகள் வரிசை கட்டி இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கும். நினைத்துக்கொண்டாற்போல இரண்டு மட்டும் வரிசையை விட்டுப் பிரிந்து, வளைந்து வளைந்து நம் தலையில் விழ வரும். எல்லாவற்றையும் சுட்டு முடித்தால் ராணி வருவாள். சிவப்பு நிறம். வளையலைச் சீமெந்துத் தரையில் உருட்டியது போல ஒரு சத்தம். சுட்டால் சாகமாட்டாள், இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கத்தாலும் இறங்குவாள். ஊரில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் செத்தார்கள். நுளம்புக்கு ஏது ராணி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பக்கத்துக் கடையில் மிளகும் கராம்பும் வாங்கி அடுக்குவார்கள். அந்தச் சாக்குகளைத் தூக்கிப்போட்டுவிட்டு ஆட்கள் கையைக்கூடக் கழுவாமல் விளையாட வருவார்கள். பொத்தானில் எப்போதும் ஒரு காரம் ஒட்டியிருக்கும். விளையாடிவிட்டுக் கண்ணைக் கசக்கினால் அன்றைய பொழுது முடிந்தது. மெஷின் சூடேறும்போது தூசி கருகும் வாசனையும் கராம்பு வாசனையும் ஒன்றாக வரும். இன்றைக்கும் புரியாணிக்குக் கராம்பு தாளித்தால் என் வலது பெருவிரல் தானாக அசைகிறது.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. ஊரில் எல்லோரும் வெள்ளைச் சாரம் உடுத்த நாளில் வெளிர்நீலக் கால்சட்டை போட்டவர். சீட்டியடித்துக்கொண்டே வருவார், வரும்போது சட்டைப்பையில் எனக்கு ஏதாவது இருக்கும். வாப்பா கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் நான் எழும்புவேன். மாமா கூப்பிடுமுன்பே போய் நிற்பேன். அவர் மௌத்தாகிச் சில வருஷங்களாகின்றன. அன்று அவருடைய சொந்தப் பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் அழுதேன் என்று இன்றும் சொல்வார்கள். வெள்ளிக்கிழமைகளில் இறந்தவர்களுக்காக யாசீன் ஓதும்போது வாப்பாவுக்கு, உம்மாவுக்கு, அடுத்தது மாமாவுக்கு என்பதுதான் என் வரிசை.

அந்த ஓகஸ்ட் விடுமுறையில் மாமாவுக்குப் பகல் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அங்கேதான் எனக்குக் கூட்டாளி கிடைத்தான். அவன் உக்குவளைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதால் மார்க்கெட்டுக்குப் பின்னால் அத்தை வீட்டில் தங்கி டவுனில் படித்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் அத்தை குடும்பத்துக்கு, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி, கப்பலேற முறை வந்துவிட்டது. இனி அவன் தோட்டத்திலிருந்துதான் பள்ளிக்கூடம் வர வேண்டும். காலையில் தோட்டத்துப் பக்கம் வரும் ஒரே பஸ் டவுனைத் தொடும்போது இரண்டு பாடம் முடிந்திருக்கும். அவனுடைய அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்: ஒரு சைக்கிள் கிடைத்தால் பள்ளிக்கூடம், கிடைக்காவிட்டால் கலேவெலவில் தெரிந்தவருடைய மரக்கறிக் கடை.

இந்த நேரத்தில்தான் மாமா போட்டியை அறிவித்தார். விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை, கூடப் புள்ளி எடுப்பவருக்குப் புத்தம் புதிய சைக்கிள். சைக்கிளையும் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்திவிட்டார். மணி முதல் மட்கார்ட் வரை பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தது. யாராவது தொட வந்தால், "தாளக் கிழிச்சிராதீங்க" என்று மட்டும் சொல்வார். கூட்டம் அள்ளிக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமைகள் மட்டும் எங்களுடையவை. ஜும்மாவுக்கு நேரமானதும் மாமா பலகைக் கதவுகளைப் பூட்டி, ஒரு பலகையை மட்டும் எனக்காகத் திறந்து வைப்பார். "கடையப் பாத்துக்க புள்ள, தொழுதிட்டு வாறேன்" என்று தொப்பியை மாட்டுவார். போகுமுன் மெஷினின் பின்கதவைத் திறந்து உள்ளே எதையோ அழுத்தி, எங்களுக்குச் சில ஆட்டங்களைக் காசு போடாமலே ஏற்றிக் கொடுப்பார். தெருவில் ஆள் இருக்காது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்கும். கூட்டாளிக்குப் பள்ளிவாசல் இல்லை, எனக்கும் பெண்பிள்ளை என்பதால் ஜும்மா இல்லை. நாங்கள் இரண்டு பேரும் நுளம்பு அடிப்போம்.

அவன் கை வேறு கை. நான் தடியைப் பிடுங்கிவிடுவது போல ஆட்டுவேன். அவன் இரண்டு விரலால் பிடிப்பான்.

"ராணி வாறப்ப நடுவுல நிக்காத புள்ள" என்பான். "மூலைக்குப் போயிரு. பிரியிறதுக்கு முன்ன ஒரு பக்கமா சாய்வா. அவ சாயிற பக்கம் நிக்கக் கூடாது."

"அவ சாயிறதே எனக்கு வெளங்கல்லியே. கண்ண மூடித் தொறக்கக்குள்ள வந்துர்றா."

"கண்ணால பாக்காத. சத்தத்தக் கேளு. சத்தம் மாறும்."

எனக்குச் சத்தம் மாறியதே இல்லை. ராணியிடம் நான் செத்துக்கொண்டே இருந்தேன். அவன் அவளைக் கொன்று அடுத்த வரிசைக்குப் போய்க்கொண்டே இருந்தான். போட்டியில் அவன்தான் வெல்வான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைச் சொன்னபோது அவன் கேட்டான்.

"ஒருவேள நீ ஜெயிச்சிட்டா?"

"எனக்கு சைக்கிள் ஓட வுடுவாங்களா? நான் வென்டாலும் ஒனக்குத்தான் தருவேன்."

"சத்தியமா?"

"அல்லா சத்தியமா."

வெளியே குத்பா நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் செய்த சத்தியம் என்பதால் எனக்கே கொஞ்சம் நடுக்கமாக இருந்தது.

போட்டிக்கு என் பெயரைச் சேர்த்தது நானல்ல, மாமா. உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் பெண்பிள்ளை என்னத்துக்கு என்று கேட்டார். "இன்னும் சின்னப் புள்ளதானே ராத்தா. ஆசைக்கு ஒருக்கா ஆடட்டுமே" என்று மாமா கெஞ்சினார். எனக்காக ஒருவர் இப்படிக் கெஞ்சுகிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. உம்மா இறங்கி வந்தது மட்டுமல்ல, யாருக்கும் சொல்லாமல் பள்ளிவாசல் லெப்பையிடம் போய்த் தண்ணீரும் ஓதி வாங்கிக்கொண்டு வந்தார். சோடாப் போத்தலில் அடைத்த அந்தத் தண்ணீரை ஆடுவதற்குச் சற்று முன்னால் குடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைக்குள் காற்றுக்கு இடமில்லை. மிளகுச் சாக்குகளின் மேல் ஏறி நின்றவர்களை அந்தக் கடை முதலாளி சிங்களத்தில் ஏசிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஓர் ஆட்டம். ஒவ்வொருவராக ராணியிடம் போய்ச் செத்தார்கள். கூட்டாளி ஆடியபோது எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அவன் ராணியைக் கொன்றான், திரும்ப வந்தபோது திரும்பக் கொன்றான். அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்த நேரத்தில், மிச்சம் இருந்தது நான் ஒருத்தி.

மாமா கையைத் தூக்கினார். "மெஷின் சூடு புடிச்சி ஈக்குது. கொஞ்சம் பொறுங்க." அணைத்தார். பின்னால் போய்க் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, வாயால் ஊதினார். தூசி பறந்தது. திரும்பவும் போட்டார். நான் அந்த இடைவெளியில் உம்மாவின் போத்தலைத் திறந்து ஒரே மூச்சில் குடித்தேன்.

பிறகு நடந்ததை நான் இத்தனை வருஷமும் ஒரு அதிசயமாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். நுளம்புகள் எனக்காகக் காத்திருந்தன. வளைந்து வரும்போது எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தது. ராணி வந்தாள். வந்தவள் நின்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிஸ்மி சொல்லிச் சுட்டேன். பிரிந்து மெதுவாக இறங்கிய இரண்டு பாதியையும் தனித்தனியாகச் சுட்டேன். அதற்குப் பிறகும் ராணி வந்து வந்து நின்றாள், நான் சுட்டுக்கொண்டே இருந்தேன். கூட்டாளியின் புள்ளியைத் தாண்டியபோதுதான் நீங்கள் கை தட்டினீர்கள்.

நான் திரும்பிக் கூட்டாளியைத் தேடினேன். சைக்கிள் உனக்குத்தான் என்று கண்ணால் சொல்ல நினைத்தேன். அவன் என்னையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோற்ற கவலையில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

சைக்கிள் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்தது. அன்றிரவே மாமாவிடம் அதைக் கூட்டாளிக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். "பாப்போம் புள்ள" என்றார். தாளைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். "அது ஈக்கட்டும்" என்றார். இரண்டு மூன்று நாளில் மாமா வந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். "பொம்புளப் புள்ளைக்கு பைசிக்கிள் என்னத்துக்கு ராத்தா. ஆக்கள் கதைப்பாங்க" என்று அவர் சொன்னதும் உம்மா உடனே தலையாட்டினார். எனக்கு ஒரு பூப்போட்ட குடை கிடைத்தது. நான் அழுதேன். மாமா என் தலையைத் தடவினார், அந்தத் தடவலில் அழுகை நின்றும் விட்டது. அடுத்த கிழமை அதே சைக்கிள், மணிக்குப் பக்கத்தில் கிழிந்திருந்த அதே தாளோடு, மெயின் வீதிச் சைக்கிள் கடைக் கண்ணாடிக்குள் நின்றது. மாமா விற்றுவிட்டார் என்று நினைத்தேன். விற்கிற பொருள்தான் அது, ஆரம்பத்திலிருந்தே அந்தக் கடையின் பொருள், கூட்டம் சேர்க்க இரவலாக வந்து நின்ற பொருள் என்று ஊகிக்கும் வயது எனக்கு இல்லை. திரும்பிப் போக வேண்டிய சைக்கிளை வெளியாள் ஒருவன் வென்றுவிட முடியுமா?

நான் கூட்டாளியிடம் நடந்ததைச் சொல்ல அவனுடைய அத்தை வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. அவர்கள் கப்பலுக்குப் போய்விட்டார்கள் என்றும், பையன் கலேவெலவுக்குப் போய்விட்டான் என்றும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். சில மாதத்தில் நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன். அதோடு கடைக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் நின்றது. மெஷின் யாரிடம் போனது என்றுகூடத் தெரியாது.

கூட்டாளி நடுவயதில் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு த்ரீவீல் வாங்கி ஓட்டத் தொடங்கினான். ஸ்டாண்டில் அவனை முதலில் கண்டதும் எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவன் எழுந்து நின்றான். நான் டீச்சராகியிருந்தேன், அவன் 'நீங்க' போட்டான். "எனக்கு ஹயர் ஒன்னு இருக்குங்க டீச்சர். அடுத்த வண்டியில போங்க" என்று கையைக் காட்டினான். அடுத்த முறையும் அவனுக்கு வேறு யாரையோ ஏற்றும் ஹயர் இருந்தது. அதற்கடுத்த முறையும். மழையில் நான் நனைந்துகொண்டு நின்ற ஒரு நாளும் அவனுடைய காலி வண்டிக்கு ஹயர் இருந்தது. சைக்கிள் தரவில்லை என்ற கோபம் இத்தனை வருஷமா என்று எனக்கும் கொஞ்சம் எரிச்சல் வந்தது. இனி நானும் கேட்பதில்லை என்று விட்டுவிட்டேன்.

இதற்கு நடுவில் நுளம்புகள் இரண்டு தரம் என்னைத் தேடி வந்தன. முதல் தரம், கணவர் சவூதியிலிருந்து பிள்ளைகளுக்கு என்று ஒரு டீவி கேம் கொண்டு வந்தபோது. அந்தக் கசற்றில் எங்கள் விளையாட்டும் இருந்தது. ஆனால் நுளம்புகள் பச்சையாகிவிட்டன. ராணி சப்பி எறிந்த மாதிரி இருந்தாள். வளையல் சத்தத்துக்குப் பதிலாக வாத்துச் சத்தம். அவள் நிற்கவே இல்லை, வந்ததும் என்னைக் கொன்றாள். "இது டூப்ளிகேட்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். "ஒரிஜினல் மெஷின்ல ராணி நிப்பா." அவர்கள் நம்பினார்கள். வகுப்பிலும் அதைத்தான் சொல்வேன். மனத்தை ஒரு இடத்தில் நிறுத்தினால் எதிரிகூட நின்று நிதானமாகத்தான் வருவான் என்று, வருஷா வருஷம், பரீட்சைக்கு முன்னால், என் நுளம்பு ராணியை உதாரணம் காட்டி.

இரண்டாம் தரம்தான் போன மாதக் கடைசியில். கத்தாரிலிருந்து லீவில் வந்த மகன் ஒரு கேம் பெட்டியை டீவியில் மாட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தவன், "உம்மா, வந்து பாருங்க. இது ஒங்கட நுளம்பு இல்லியா?" என்று கூப்பிட்டான். அதுவேதான். பழைய விளையாட்டு, பிறகு வந்த பச்சை நுளம்பு, இப்போது புதுப்பித்த விளையாட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள். அவை நுளம்புகளே இல்லையாம். ஏதோ ஒரு கிரகத்துத் தேனீக்களாம்.

புதியதைத்தான் முதலில் ஆடினேன். தேனீக்களுக்கு இறகின் நரம்புவரை தெரிகிறது. ராணிக்குக் கண் இமை வைத்து, ஆங்கிலத்தில் பேசவும் பழக்கியிருக்கிறார்கள். செத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று மரியாதையாகக் கேட்கிறது. சாவுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? பிடிக்கவில்லை, பழையதைப் போடச் சொன்னேன்.

அந்த வளையல் சத்தம் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகனை விலகச் சொல்லிவிட்டு ஆடினேன். ராணி வந்தாள், நிற்கவில்லை, கொன்றாள். திரும்பத் திரும்ப ஆடினேன். திரும்பத் திரும்பக் கொன்றாள்.

"இதுவும் பிழை" என்றேன். "இவ நிக்கணும்."

"கஷ்டம் கூடிப் போச்சோ தெரியல்ல. ஈஸில போட்டுப் பாப்போம்" என்று மகன் செட்டிங்குக்குள் எங்கோ போய் எதையோ மாற்றிக்கொண்டு வந்தான்.

ராணி வந்தாள். நின்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் நான் சிரித்தேன். பார்த்தாயா, நான் சொன்னேன்தானே என்று மகனின் தோளில் தட்டினேன். அவனும் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அந்தக் காலத்து மெஷின்லயும் இது இருந்திருக்கும் உம்மா. பின்னால உள்ளுக்கு சின்னச் சின்ன சுவிச். கடைக்காரங்க தேவைக்கு மாத்திக்கலாம். மாத்திட்டு, ஓஃப் பண்ணி ஓன் பண்ணணும், அவ்வளவுதான்."

என் கை பொத்தானை விட்டுவிட்டது. மெஷின் சூடு பிடித்ததும், மாமா ஊதியதும், தூசி பறந்ததும் வரிசையாக வந்து நின்றன. அந்தத் தூசியை இத்தனை வருஷமாக என் வெற்றிக்கு வந்த பூமழையாக நினைத்து வைத்திருந்தேன். ஓதின தண்ணீர்தான் வெல்ல வைத்தது என்று உம்மா மௌத்தாகும்வரை நம்பினார். லெப்பைக்கு அதற்காக ஒரு சேவலும் போனது. மாமா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறார். எனக்காக உம்மாவிடம் கெஞ்சியது எனக்காக அல்ல. என் வாழ்க்கையில் நான் மற்றவர்களுக்கு முன் வென்றது அந்த ஒன்றுதான், அதையும் அவர்தான் ஆடியிருக்கிறார். நான் அவருடைய இரவல் சைக்கிளைத் திருப்பிக் கொண்டுபோக வாய்த்த ஒரு பிள்ளை. அன்று இரவு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் ஸ்டாண்டுக்குப் போனேன். கூட்டாளி எழுந்து நின்றான். "எனக்கு ஹயர்..." என்று தொடங்கினான்.

"ஹயர முடிச்சிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்" என்று குடையை விரித்தேன்.

அவனுக்கு ஹயர் இல்லை என்பது ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். மற்ற டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான். வீட்டு வாசலில் இறங்கி, அவனையும் உள்ளே கூப்பிட்டேன்.

மகன் டீவியைப் போட்டதும், வாசல்படியிலேயே நின்றவன் மெல்ல உள்ளே வந்தான். "அட, நம்ம நுளம்பு" என்றான். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கேம் பெட்டியின் கைப்பிடியில் இருந்த தடியை இரண்டு விரலால் பிடித்தான். நான் சாதாரண ஆட்டத்தைத்தான் போடச் சொல்லியிருந்தேன். முதல் தரம் செத்தான். இரண்டாம் தரம் மூலைக்குப் போனான், காதைக் கொஞ்சம் சாய்த்தான், ராணியைக் கொன்றான். மகன் வாயைப் பிளந்தான்.

பிறகு ஈஸி ஆட்டத்தைப் போட்டேன். ராணி வந்து நின்றாள். "இதப் பாருங்க" என்றேன். "அன்டைக்கு எனக்கு இப்பிடித்தான் நின்டா. மாமா பின்னால கைய வெச்சு மாத்தியிருக்காரு. எனக்கு நேத்துத்தான் வெளங்கிச்சு. அத ஒங்களுக்குச் சொல்லத்தான் கூட்டிட்டு வந்தேன்."

அவன் கைப்பிடியை மேசையில் வைத்தான்.

"நேத்தா?" என்றான். "டீச்சர், உங்களுக்குத் தெரியாதா?"

"என்னது?"

"அவரு கைய வச்சத நான் அன்னைக்கே பாத்தேங்க. மறுநாள் விடிய நேரா கடைக்குப் போயிட்டேன். எனக்கு ஓடுன மாதிரி அவளுக்கு ஓடலியே மொதலாளி, ஏன்னு கேட்டேன். அவரு கோவிச்சுக்கல. ஒரு சோடா ஒடச்சுக் குடுத்தாரு. 'மனசுல வச்சுக்காதடா. மருமகப் புள்ளதான் அழுதிச்சு. சைக்கிள் எனக்குத்தான் வேணும், எப்படியாச்சும் செஞ்சு தாங்க மாமான்னு கால்ல விழுந்திச்சு. நான் என்ன செய்ற? அவகிட்ட மட்டும் கேட்டுறாத, வெக்கப்படுவா'ன்னாரு."

மகன் எழுந்து வெளியே போய்விட்டான்.

"நான் கேக்கல்ல" என்றேன். "நான் ஒங்களுக்கு சத்தியம் பண்ணினேனே."

"அதத்தாங்க நானும் நெனச்சு நெனச்சுப் பாத்தேன். கலேவெலயில மூட்டைக்கு மேல படுத்துக்கிட்டு அதத்தான் நெனப்பேன். சத்தியம் பண்ணிட்டு இப்படிச் செஞ்சிருச்சேன்னு." தலையைக் குனிந்துகொண்டான். "அந்தச் சோடாவையும் குடிச்சிட்டுத்தான் வந்தேங்க டீச்சர்."

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தான். மாமா மௌத்தான அன்று எங்கள் வாசல்வரை வந்ததாகவும், உள்ளே நான் அழும் சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டதாகவும் சொன்னான். வண்டியில் ஏறிய பிறகு தலையை வெளியே நீட்டி, "இனி எங்கயாச்சும் போறதுன்னா சொல்லுங்க. எனக்கு ஹயர் ஒன்னும் இல்ல" என்றான்.

சைக்கிளுக்காகப் பொய் சொன்னதை ஒருவேளை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். சுவிச்சைத் தட்டியதையும் வியாபாரம் என்று விட்டிருப்பேன். பிடிபட்டபோது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னைத் தூக்கி முன்னால் நிறுத்தினாரே, அதுதான். சின்னப் பிள்ளை, தன்னை உயிராக நினைக்கிற பிள்ளை, எதிர்த்துச் சொல்ல அங்கே இல்லாத பிள்ளை. ஒரு சோடாவோடு என்னைத் திருடியாக்கி அனுப்பிவிட்டு, அதே கையால் வந்து என் தலையைத் தடவினார்.

நேற்று, அதற்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் குத்பா தொடங்கியபோது வழக்கம் போல முகம் கை கால் கழுவி உளூச் செய்து உட்கார்ந்தேன். வாப்பாவுக்காக யாசீன் ஓதினேன். உம்மாவுக்காக ஓதினேன், அந்தத் தண்ணீர்ப் போத்தலுக்காகவும் சேர்த்து. அடுத்தது மாமாவின் முறை. பக்கத்தைத் திருப்பினேன், முதல் எழுத்தில் விரலை வைத்தேன். குத்பா முடிந்து, எல்லோரும் தொழுது, தெருவில் ஆட்கள் நடமாடத் தொடங்கும்வரை விரல் அங்கேயே இருந்தது. பிறகு குர்ஆனை மூடி, அலுமாரியில் வைத்துவிட்டு எழுந்தேன்.